தோற்றால்தான் பேசும் கிழவி

எனக்கு எழுபத்தொரு வயசு ஆகிறது. பிள்ளைகள் அஞ்சு பேர். அஞ்சு பேரையும் ஆளாக்கியது இந்தக் கையும் இந்தத் தொண்டையும்தான். கையை யாரும் குறை சொன்னதில்லை. தொண்டையைத்தான் சொல்லாத ஆள் கிடையாது. வாக்கப்பட்டு வந்த புதிதில் என் மாமியார், "பொம்பளைக்கு இம்புட்டுச் சத்தம் ஆகாதுத்தா, கொஞ்சம் இறக்கிப் பேசு" என்பார். நானும் இறக்கிப் பார்த்தேன். இறங்கவில்லை. என் கொழுந்தனார் அதுக்கும் மேலே போய், "மதினி அடுப்படியில பேசுனா மெயின் ரோட்டுல பஸ்ஸு நிக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் போன வருசம் தீபாவளி சீசன் சமயம், சிவகாசியில் இருந்து சாத்தூர் வருகிற டவுன் பஸ்ஸில் அது நிஜமாகவே நடந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் ரெண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாகத்தான் வரும், நீங்களும் மெதுவாகவே கேளுங்கள்.

என் கடைக்குட்டி மகள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். ஒரு நாள் பெட்டியோடு வந்து இறங்கி, "அம்மா, இனிமே வீட்ல இருந்தே போன்ல ஆடுற கேம் செய்யப் போறேன்" என்றாள். மூத்தவன் தலையில் அடித்துக்கொண்டான். "எல்லாப் பிள்ளைகளும் விளையாடுறதை விட்டுட்டு வேலைக்குப் போகும். இவ வேலையை விட்டுட்டு விளையாட வந்திருக்கா." அவளோ உள் ரூமைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் செய்தது சரவெடி பின்னுகிற ஆட்டம். மேலே இருந்து சிவப்பும் பச்சையுமாக வெடி இறங்கி வரும். சிவப்புக்கு அடுத்தது பச்சை, பச்சைக்கு அடுத்தது சிவப்பு என்று விரலால் தொட்டுத் தொட்டுத் திரியில் சேர்க்க வேண்டும். சரம் முடிந்தால் படபடவென்று வெடித்து அடுத்த கட்டத்துக்குப் போகலாம். வரிசை தப்பினால் 'புஸ்' என்று நமத்துப் போகும். எங்கள் ஊர்க்காரிக்கு இதைத் தவிர வேறு என்ன தோணும்!

அந்த 'புஸ்' சத்தம் சரியாக வர வேண்டும் என்று ஒரு நாள் ரூமுக்குள் மைக்கை வைத்துக்கொண்டு என்னத்தையோ ஊதிக்கொண்டிருந்தாள். நான் சோறு போட்டு வைத்து, ஆறி, ஈ மொய்க்க ஆரம்பித்துவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். ஆணோ பெண்ணோ என் பிள்ளைகள் எல்லாமே எனக்கு 'ஏலே'தான். "ஏலே, கண்ணை எங்கன வச்சிருக்க? ஒரு வேலை ஒழுங்கா செய்யத் தெரியுதா ஒனக்கு? சாப்பிட்டயா இல்லையா? சாப்பிட்டுட்டு வந்து ஆடு, போ!" என்று கத்திவிட்டு வந்தேன். அவள் ஆடிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அத்தனையும் 'புஸ்'ஸுக்குப் பின்னாலேயே மைக்கில் பதிந்துவிட்டது. அதைப் போட்டுக் கேட்டவள் கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். அழிக்கவில்லை. ஆட்டத்தில் தோற்றால் 'புஸ்', அதற்கு அப்புறம் நான். அப்படியே போனுக்குள் இருக்கிற கடையில் ஏற்றிவிட்டாள்.

முதலில் எங்கள் சொந்தக்காரர்கள் கூட அதை ஆடவில்லை. பிறகு பெங்களூரில் இருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. அந்த மாதிரிக் கம்பெனிதான் ஒரு ஆட்டத்தை எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்குமாம். ஆட்டம் பிடித்திருக்கிறது, கிழவி குரல்தான் பிடிக்கவில்லை என்றார்கள். மகள் விடவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் போனில் என் குரல். மீதிப் பாதிக்கு, கூலி கொடுத்துப் பேச வைத்த ஒரு பெண் குரல்: "பரவாயில்லை, மீண்டும் முயற்சி செய்யுங்கள்!" என்று பன்னீர் தெளித்த மாதிரி. எது நன்றாகப் போகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு.

நாலைந்து நாள் கழித்து அந்தக் கம்பெனித் தம்பி பேசினார். மகள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "மேடம், பாட்டி குரல் கேக்குறவங்க ஆறாவது லெவலைத் தாண்டவே இல்லை. தோத்துக்கிட்டே இருக்காங்க. அந்தப் பக்கம் ஆளுங்க கடகடன்னு ஏறிப் போறாங்க. திட்டு வாங்கி வாங்கி மனசு விட்டுப் போகுது மேடம். திங்கக்கிழமைக்குள்ள குரலை மாத்துங்க. இல்லைன்னா நாங்க இந்தக் கேமை எடுக்கலை."

போனை வைத்துவிட்டு மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "இது போச்சுன்னா நான் திரும்பச் சென்னைக்குத்தாம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. என் தொண்டைக்காக இவள் பிழைப்பு போவதா? "எடுத்துரு. அந்தப் பிள்ளை குரலையே போட்டுக்கோ. எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். ஒண்ணுமில்லை என்று சொன்னேனே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மாமியார் சொன்னதைத்தான் இந்தத் தம்பியும் சொல்கிறார், கொஞ்சம் மரியாதையாக.

மறுநாள் சிவகாசியில் மூத்தவன் வீட்டுக்குப் போனேன். நான் வாயே திறக்காமல் இருந்ததைப் பார்த்து, "அம்மாவுக்கு என்னமோ ஆகிப்போச்சு, டாக்டர்ட்ட காட்டணும்" என்று அவனே பயந்துவிட்டான். சாயங்காலம் பஸ் ஏறி, சன்னல் ஓரமாக உட்கார்ந்து திரும்பிக்கொண்டிருந்தேன்.

வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஸ்டாப்பில் வேலை விட்டுப் பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். சீசன் அல்லவா, நெரிசல். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்று காலையிலேயே கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் ஏறின கையோடு எல்லாரும் போனை எடுத்துக் குனிந்துவிட்டார்கள். என் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்தாள். முப்பது வயசு இருக்கும். தலையைத் துண்டால் கட்டியிருந்தாள், நகக்கண்ணெல்லாம் வெள்ளிப் பொடி மினுங்கியது.

அவள் போனில் இருந்து 'புஸ்' என்று கேட்டது. அதற்குப் பின்னாலேயே, "ஏலே, கண்ணை எங்கன வச்சிருக்க?"

என் குரலை நான் வெளியே கேட்பது அதுதான் முதல் தடவை. அம்புட்டுச் சத்தமாகவா இருக்கிறது!

ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் கை என்ன வேகம்! சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று நிஜச் சரத்தைப் பின்னுகிற மாதிரி போகிறது. கடைசி வெடி. பச்சை வர வேண்டிய இடம். அதில் நிதானமாக ஒரு சிவப்பைத் தூக்கி வைக்கிறாள். 'புஸ்'. "ஏலே..." மறுபடியும் ஆரம்பிக்கிறாள், மறுபடியும் கடைசியில் சிவப்பு.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏத்தா, அதுவரைக்கும் சரியா வச்சுட்டு, கடைசியில போயி இப்படிப் பண்றயே?"

"வேணும்னுதான் பாட்டி. மேல போனா வேற வேற வெடிதான் வருது. தோத்தாத்தான் இந்தக் கெளவி பேசும்."

"திட்டு வாங்கவா ஆடுற?"

அவள் போனை மடியில் வைத்தாள். "காலையில இருந்து ஃபோர்மேன்ட்ட வாங்குறோமே, அது திட்டு. அதோட போச்சு. இந்தக் கெளவி திட்டிட்டு சாப்பிட்டயான்னு கேக்குது பாட்டி. வீட்ல நானே ஆக்கி நானே எல்லாருக்கும் போடுறேன். நீ சாப்பிட்டயான்னு ஒருத்தர் கேக்கணுமே?"

முன் சீட்டில் இருந்து ஒருத்தி திரும்பினாள். "ஒனக்காவது கெளவி வருது. என் போன்ல ஒருத்தி மீண்டும் முயற்சி செய்யுங்கள்னு டிவியில செய்தி வாசிக்கிற மாதிரி பேசுறா. அதை அப்பவே விட்டுட்டேன். மத்தியானச் சோத்துக்கு வெளிய வர்றப்ப கேட்டுல போனைக் கொடுப்பாகல்ல, அப்ப இவ போனைத்தான் வாங்கி ஆடுறேன்."

"நீ மட்டுமாடி?" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். "கம்பெனியில நம்ம ரூம்ல வேலை பாக்குறதுல பாதிப் பேரு என் போன்லதான் திட்டு வாங்குறீக. சார்ஜு நிக்க மாட்டேங்குது."

இனிமேல் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பேன்? "தாயி, அந்தக் கெளவி நான்தான்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "போங்க பாட்டி, கேலி பண்ணாதீக."

"நம்பலயா?"

"நீங்கதான்னா எங்க, ஒருக்கத் திட்டுங்க பாப்போம்."

முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். ரெண்டு நாளாக அடைத்து வைத்திருந்த தொண்டை. "ஏலே! கண்ணை எங்கன வச்சிருக்க? ஒரு வேலை ஒழுங்கா செய்யத் தெரியுதா ஒனக்கு?"

கிறீச் என்று பஸ் நின்றுவிட்டது. டிரைவர் தன்னைத்தான் யாரோ வைகிறார்கள் என்று நினைத்துப் பிரேக்கை அமுக்கிவிட்டார். நின்றவர்கள் எல்லாரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள். பிறகு கடைசி சீட்டில் இருந்து ஒரு குரல்: "ஏடி, கெளவி வண்டியிலதான்டி இருக்கு!"

அவ்வளவுதான். ஒரே கூச்சல். "பாட்டி, என்னைய ஒருக்க!" "என்னைப் பேரு சொல்லித் திட்டுங்க பாட்டி!" பின்னால் இருந்தவர்கள் நெருக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். கண்டக்டரும் சிரித்துக்கொண்டே, "நானும் அந்த ஆட்டம் ஆடுறவன்தான். என்னையும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். அவருக்கு என்னிடம் ஏற்கெனவே ஒரு திட்டுப் பாக்கி இருந்தது. "ஏலே, வயசானவ கையைக் காட்டிக்கிட்டு நிக்கேன், ஸ்டாப்பைத் தாண்டிக் கொண்டுபோயி நிறுத்துறயே, நான் என்ன ஓட்டப் பந்தயத்துக்கா வந்திருக்கேன்?" பெண்கள் கைதட்டின தட்டில் பஸ் ஆடியது. அவர் முகம் கொஞ்சம் சுண்டிப் போனது. "சரி சரி, சாப்பிட்டயா?" என்றேன். "இன்னும் இல்ல பாட்டி" என்றார் சின்னப் பிள்ளை மாதிரி.

சாத்தூர் வருகிற வரைக்கும் திட்டினேன். இறங்கும்போது அந்த நகத்தில் பொடி ஒட்டின பெண் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைத் திட்டவில்லை. "தாயி, வீட்டுக்குப் போனதும் மொதல்ல நீ சாப்பிடு. அப்புறம் மத்தவுகளுக்குப் போடு" என்றேன். தலையை ஆட்டினாள். பஸ் கிளம்பின பிறகும் சன்னல் வழியாக அவள் கை தெரிந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் மகளிடம் சொன்னேன். "ஏலே, அவுக தோக்கலை. வேணும்னே தோக்குறாக!" அவள் முதலில் நம்பவில்லை. ஒரே போனில் பல பேர் ஆடுகிற கதையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உடனே பெங்களூருக்குப் போன் போட்டாள். "சார், எந்த லெவல்ல நிக்கிறாங்கன்னு பாக்காதீங்க. மறுநாள் யார் திரும்பி வந்தாங்கன்னு பாருங்க. ஒரு வாரம் பொறுங்க."

அந்த ஒரு வாரம் எனக்கு ஒரு வருசம். அடுத்த வாரம் அந்தத் தம்பியே கூப்பிட்டார். மரியாதையாகப் பேசுகிற குரல் பக்கம் கடகடவென்று ஏறிப் போனவர்கள் ஏறின வேகத்திலேயே போய்விட்டார்களாம். என் பக்கம் ஆறாவது லெவலில் நின்றவர்கள் தினமும் வந்து அங்கேயே நிற்கிறார்களாம். "ஒரு தடவை தோத்தா ஒரு விளம்பரம் ஓடும், அதுலதான் நமக்குக் காசு மேடம். பாட்டி பக்கம் விளம்பரமும் ஓடுது, ஆளும் போகலை" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "பாட்டி இன்னும் கொஞ்சம் திட்டி அனுப்புவாங்களா?" என்று கேட்டார்.

"நினைச்ச நேரம் திட்டு வராதுன்னு சொல்லு. யாராவது ஏதாவது தப்புச் செய்யணும்" என்றேன்.

அதற்கும் மகள் வழி கண்டுபிடித்தாள். மைக்கை ஒளித்து வைத்துவிட்டு, குழம்பில் ரெண்டு தடவை உப்பைப் போடுவாள். குழாயைத் திறந்து விட்டுப் போவாள். ஈரத் துண்டை மெத்தையில் போடுவாள். நானும் தெரிந்தும் தெரியாத மாதிரி திட்டுவேன். அந்தத் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வெடியைக் கூட விட்டுவிட்டு என் திட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்போது தெலுங்கில் ஒரு கிழவி, மலையாளத்தில் ஒரு கிழவி என்று அந்தந்த ஊரில் ஆள் தேடிப் பேச வைத்திருக்கிறார்கள். எப்படி வேண்டுமானாலும் திட்டட்டும், கடைசியில் சாப்பிட்டயா என்று கேட்கத்தான் வேண்டும் என்று என் மகள் கண்டிசன் போட்டிருக்கிறாள். சென்னைக்குப் போகிற பேச்சே இல்லை. எங்கள் தெருவிலேயே மாடியில் ரூம் பிடித்து நாலு பெண் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொண்ட மூத்தவன்தான் இப்போது பார்க்கிறவர்களிடம் எல்லாம், "ஆடிப் பாத்தீகளா? எங்க அம்மா குரல்தான்" என்று போனை நீட்டுகிறான். மாமியார் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு போன் வாங்கி ஏற்றிக் கொடுத்திருப்பேன்.

என் சத்தம் பெரிசு என்று எனக்கு முன்னாலேயே தெரியும். அது போய்ச் சேர வேண்டிய ஆள் எம்புட்டுப் பேர் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்பது அந்த பஸ்ஸில்தான் தெரிந்தது.

எழுதி முடித்தாயிற்று. பக்கத்திலேயே பேத்தி போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள். ஏலே பேத்தி, அந்தப் போனைக் கீழ வை. இதை ஒருக்க வாசி, கேப்போம். முனகாம, என்னைய மாதிரிச் சத்தமா வாசி. அதென்ன கொட்டாவி? சாப்பிட்டயா இல்லையா? சரி போ, சாப்பிட்டுட்டு வந்து வாசி.