நாலு மணிச் சங்கு

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் ஒரு மாடியில் ஆறு டைப்ரைட்டர்களை வைத்து ஒரு மாஸ்டர் நடத்திய இன்ஸ்டிட்யூட்டில் நான் படித்துக்கொண்டிருந்தேன். சேர்ந்த முதல் நாளே அவர் கேட்கும் கேள்வி, "எந்த நாற்காலிடா உனக்கு?" பதிலைச் சுவரின் உச்சியில் எழுதிவிடுவார். ஹார்பர், ரயில்வே, தபாலாபீஸ். அதற்குக் கீழே நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை என்று ஒரு சிவப்புக் கோடு. வாரா வாரம் நாங்கள் அடித்த வேகத்துக்கு அவரவர் பெயருக்கு நேரே சாக்பீஸ் கோடு ஏறும். சிவப்பைத் தொட்டவனுக்குத்தான் மாஸ்டர் சிபாரிசுக் கடிதம் தருவார். தொடாதவன் காலில் விழுந்தாலும் கிடைக்காது.

சனிக்கிழமைதான் பரீட்சை. நாலு மணிச் சங்குக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆரம்பிப்போம். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதியதும் கையைத் தூக்கிவிட வேண்டும். "சங்குக்கு மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது" என்பார் மாஸ்டர்.

எனக்கும் என் சிநேகிதனுக்கும் ஒரே நாற்காலி, ஹார்பர். அவன் நெட்டுக்குப்பத்திலிருந்து எண்ணூர் ஸ்டேஷன் வரை நடந்து, ரயிலேறி வருவான். வலை இழுத்துக் காய்த்த விரல்கள். ஆனாலும் என்னைவிடப் பிழை குறைவு. அவன் அப்பா கெடு வைத்திருந்தார். "ஆடி பொறக்கறவரைக்குந்தான் மாமு. அப்பால கட்டுமரந்தான்" என்பான் சிரித்துக்கொண்டே. அவன் வீட்டில் யாரும் அதுவரை காகிதத்தைத் தொட்டுச் சம்பாதித்ததில்லை.

ஆனி கடைசியில் ஹார்பர் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் கேட்டிருந்தார்கள். ஒரே ஓர் ஆள். நான் முந்தின வாரமே கோட்டைத் தாண்டியிருந்தேன். அவனும் தாண்டினால் மாஸ்டர் அவனைத்தான் அனுப்புவார். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் வேலைநிறுத்தம், சங்கு இல்லை. மாஸ்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "நீ மணி பார்" என்று சொல்லிவிட்டுக் கீழே டீ குடிக்கப் போனார்.

அவன் அடிக்கிற சத்தம் ஒரே சீராக வந்தது. இன்று சுலபமாகத் தாண்டிவிடுவான் என்று காதே சொன்னது. எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது? முள்ளைப் பார்த்தேன். இன்னும் அரை நிமிஷம் இருந்தது.

"ஸ்டாப்" என்றேன்.

சட்டென்று கைகளைத் தூக்கினான். என்னைப் பார்த்தான். "இன்னா மாமு, சீக்கிரமா சொல்ட்ட மாரி கீது?"

நான் சாவகாசமாக எழுந்து, அவனிடம் நடந்து, கடிகாரத்தை நீட்டினேன். அதற்குள் முள் நாலுக்கு வந்திருந்தது. பார்த்தான். தலையாட்டினான். பிழைக்குக் கழித்தது போக நாற்பத்து நாலு. இன்னும் ஒரு வரி அடித்திருந்தால் போதும்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. ஆடி பிறந்துவிட்டது. சுவரில் அவன் கோடு சிவப்புக்கு ஒரு விரல் கீழே நின்றது. ஹார்பர் வேலை கிடைத்து நான் கடைசியாக மாஸ்டரிடம் விடைபெறப் போனபோதும் அது அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஹார்பர் ஆபீஸிலும் நாலு மணிக்குச் சங்கு ஊதும். மற்றவர்களுக்கு அது வீட்டுக்குப் போகிற சத்தம். எனக்கு மட்டும் கை மெஷினிலிருந்து தானாக மேலே போகும். ஆறேழு வருஷமாகியும் அது போகவில்லை. மனு வாங்கும் ஜன்னலில் உட்கார வைத்தபோது நிம்மதியாக இருந்தது, மெஷின் இல்லையே என்று.

ஒரு நாள் வரிசையின் கடைசியில் அவன் நின்றான். தலைமுடி செம்பட்டையாகியிருந்தது. கையில் ஒரு மனு. எங்கள் ஆபீஸின் லாஞ்சுப் படகு ஒன்று மோதி அவன் கட்டுமரம் பிளந்துவிட்டதாம், முன்னால் நின்றவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நஷ்ட ஈட்டு மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். அவன் என்னை இன்னும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவனுக்கு முன்னால் இருந்தவரின் மனுவை வாங்கிக்கொண்டு, "டைம் ஆயிடுச்சு" என்று சொல்லி ஜன்னல் பலகையைக் கீழே இழுத்தேன்.

பலகைக்குக் கீழே ஒரு கை வந்து தாங்கியது. காய்த்த விரல்கள். அவன் குரலில் கோபமே இல்லை.

"இன்னும் சங்கு ஊதலியே, சார்" என்றான்.

நான் பலகையை விட்டுவிட்டேன். மனுவை வாங்கி முத்திரை குத்தினேன். அவன் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கிய பிறகுதான் சங்கு ஊதியது.