வெள்ளையடிக்காத சுவர் இருந்த தெருவில் ஒரு பொங்கல்

பொங்கலன்று காலை ஆறே கால் மணிக்கு வில்லாபுரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். உலகமே அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்கு ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. நான் ஒருத்தி மட்டும் ஊரை விட்டு வெளியே போகிறேன். கையில் தூக்குவாளி நிறையச் சர்க்கரைப் பொங்கல், தோளில் கரும்புத் துண்டுப் பை. முந்தைய ராத்திரி கண்ணை மூடினால்தானே! கல்யாண வீட்டுக்குப் போகிற பிள்ளை மாதிரி ஒரே பரபரப்பு எனக்கு.

அவனியாபுரத்தில் தடுப்புக்கட்டை போட்டுச் சாலையை அடைத்திருந்தார்கள். லாரி லாரியாகக் காளைகள் வந்து நின்றன. கொம்புக்கு எண்ணெய் பூசி, கழுத்தில் மாலை போட்டு, அம்புட்டு அழகு. அரை மனதாகத்தான் அதைத் தாண்டிப் போனேன். வழக்கமாக இருபது ரூபாய் வாங்கும் ஷேர் ஆட்டோக்காரர் அன்று நாற்பது கேட்டார்.

"எல்லாரும் மாடு பாக்க உள்ள வாராய்ங்க. நீங்க எங்கக்கா வெளிய போறீங்க?"

"கயிறு இழுக்கற போட்டி பாக்கப் போறேண்ணே."

அவர் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "மாட்ட விட்டுட்டுக் கயித்தப் பாக்கப் போறீங்களா? சரி, ஏறுங்க."

அவரிடம் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் எனக்கு வேலை. பக்கத்து மேசை செல்வி. கப்பலூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி அவள் ஊர். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் அங்கே சாதிக் கலவரம் வந்தது. ஒரே ராத்திரியில் அவர்களுடைய கீழத்தெரு முழுக்க எரிந்தது. அவள் அப்பா வீட்டோடு போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு மேலத்தெருவுக்கு ஒரு பொங்கல், கீழத்தெருவுக்கு ஒரு பொங்கல்.

இந்த வருசம்தான் முதல்முறையாகச் சேர்ந்து கொண்டாடப் போகிறார்கள். செல்வியும் இரண்டு தெருவிலிருந்தும் சில பெண்களும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். தெருவுக்குத் தெரு போட்டி கிடையாது. கயிற்றின் இரண்டு முனையிலும் இரண்டு தெரு ஆட்களும் கலந்துதான் நிற்க வேண்டும். "நல்லபடியா முடிஞ்சிரணும்க்கா. அன்னைக்கு ஒரு சின்னச் சண்டை வந்தாப் போதும், அப்புறம் எங்க ஆயுசுக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாய்ங்க" என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

கப்பலூரில் ஏறிய மினி பஸ்ஸிலிருந்து செல்வி ஊரில் இறங்கும்போது மணி ஏழரை. மைக் செட் பாட்டு வயல் தாண்டி வந்தது. வரப்பில் எட்டு வைத்து நடந்தேன், இல்லை, ஓடினேன் என்றே சொல்லலாம். ஆனால் கீழத்தெருவுக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. வாசலுக்கு வாசல் புதுப்பானை, மஞ்சள் கொத்து, அடுக்கி வைத்த விறகு. ஒரு அடுப்பிலும் தீ இல்லை. தெருவே செல்வி வீட்டு முன்னால் கூடி நின்றது.

செல்வியின் வீட்டைப் புதிதாகக் கட்டியபோது பழைய சுவர் ஒன்றை மட்டும் அப்படியே விட்டு, மேலே கூரை இறக்கியிருந்தார்கள். தீயில் கருகிய சுவர். ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடெல்லாம் வெள்ளையடிப்பார்கள், அதைத் தொடமாட்டார்கள். பொங்கலன்று தெருவில் இருக்கிற எல்லா வீட்டுப் பெண்களும் வந்து அந்தக் கரியின் மேல் ஒரு மஞ்சள் பொட்டு வைத்த பிறகுதான் அவரவர் அடுப்பைப் பற்றவைப்பார்கள். செல்வி சொல்லிச் சொல்லி எனக்கு அந்தச் சுவர் பார்க்காமலே பழக்கம்.

அன்றைக்கு அது ஈரச் சுண்ணாம்பு சொட்டச் சொட்ட வெள்ளை வெளேரென்று இருந்தது.

பக்கத்தில் சுண்ணாம்பு மட்டையும் வாளியுமாக மேலத்தெருப் பெரியசாமி நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெண்களெல்லாம் போட்டி நடக்கும் பொட்டலுக்குக் கோலம் போடப் போயிருந்தபோது வந்து அடித்திருக்கிறார். இளவட்டங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். செல்வி கையை நீட்டி அவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா செவரு கரியா கெடக்கேன்னுதான் தாயி அடிச்சேன்" என்றார் அவர். "சேந்து பொங்க வைக்கிற நாளு. இதப் பாத்துட்டு எப்பிடிச் சேருறது? வேற நெனப்பு இல்ல."

செல்வி சத்தம் போடவில்லை. "எங்கப்பா போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. எல்லாம் எரிஞ்சு போச்சு. இந்தச் செவருதான் இருந்துச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வெளியூர்க்காரங்க வந்து தீ வச்சுட்டுப் போய்ட்டாங்கன்னே இம்புட்டு வருசமாச் சொல்லிட்டீங்க. ஆரு வச்சா? அத மைக்குல சொல்லுங்க. ரெண்டு தெருவுக்கும் கேக்கட்டும். சொல்லிட்டீங்கன்னா நாங்க அடுப்பப் பத்தவைக்கிறோம். இல்லன்னா உங்க பொங்கல் உங்களுக்கு, எங்க பொங்கல் எங்களுக்கு."

பெரியசாமி மட்டையை வாளிக்குள் போட்டுவிட்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்தேன். வெயில் ஏறியது. களைந்து வைத்த அரிசி தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

திடீரென்று பாட்டு நின்றது. மைக்கை யாரோ விரலால் தட்டினார்கள்.

"மேலத்தெருப் பெரியசாமி பேசுறேன். கீழத்தெருவுல தீ வச்சது வெளியூர் ஆளுக இல்ல. நாங்கதான். நானும் போனேன். செல்வி வீட்டுக் கூரையில வச்சது இந்தக் கை."

மைக் செட்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டைப் போட்டு, உடனே நிறுத்தினார். செல்வி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

சிறிது நேரத்தில் பெரியசாமி இரண்டு குடம் தண்ணீரோடு வந்தார். பின்னாலேயே மேலத்தெருப் பெண்கள் சிலர் குடத்தோடு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. சுண்ணாம்பு காய்வதற்குள் துணியை நனைத்துத் துடைத்தார்கள். அடியில் கரி தெரிந்தது. கீழத்தெருப் பெண்கள் வரிசையாகப் பொட்டு வைத்தார்கள். செல்வி கடைசியாக வைத்தாள். அடுப்புகள் புகைந்தன, பானைகள் பொங்கின, குலவைச் சத்தத்தில் என் காதே அடைத்துப் போனது.

பதினோரு மணிக்குக் கயிறு இழுக்கும் போட்டி. விருந்தாளி என்று என்னை யாரும் விடவில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கினேன். எனக்கு முன்னால் மேலத்தெருக்காரி, பின்னால் கீழத்தெருக்காரி. புழுதியில் மொத்தமாக விழுந்து, உள்ளங்கையில் கொப்புளம் வந்து, கடைசியில் ஜெயித்தே விட்டோம். பரிசு ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு. இப்படிச் சிரித்து எனக்கு எத்தனை வருசமாயிற்றோ!

சாயங்காலம் மினி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது செல்வியிடம் கேட்டேன். அவர்தான் சொல்லிவிட்டாரே, அடுத்த பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடித்துவிடலாமா என்று. பெரியசாமியை மன்னித்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லக்கா" என்றாள். "ஆரு மேல கோவப்படணும்னே தெரியாம இம்புட்டு வருசம் இருந்துட்டேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு. மொதல்ல கொஞ்ச நாளு கோவப்பட்டுக்கிறேன்."

பஸ் வந்தது. என் தூக்குவாளியில் அவள் வீட்டுப் பொங்கலை நிரப்பிக் கொடுத்து ஏற்றிவிட்டாள்.