ஐம்பது என்று நான் சொன்ன பதில்

களத்தில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என் கொழுந்தன் மனைவி வசந்தா, சேலம் ஆஸ்பத்திரியில் விடியும்போதே போய்விட்டாளாம். பதினாறாம் நாள் நினைவு மலருக்கு அம்மாவைப் பற்றி எழுதித் தாருங்கள் பெரியம்மா என்றாள் அவள் மகள். நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது.

பேத்தி பிறந்த பிறகு வசந்தா சேலத்துக்குப் பஸ் ஏறிச் சட்டம் படிக்கப் போனது சின்னசேலத்தில் எல்லோருக்கும் தெரியும். என்னை ஐந்தாவதோடு நிறுத்தியவர்கள் வேறு யாரோ. ஆனாலும் என் கோபமெல்லாம் அவள்மேல்தான்.

அவள் விரும்பி எடுத்தது அறிவுசார் சொத்து, ஊடகம், தொழில்நுட்பம் பற்றிய சட்டங்கள். சாயங்காலம் சோளம் உரிக்கும்போது சத்தம் போட்டுப் படிப்பாள். கல்வராயன் மலைத் திருவிழாவில் எடுத்த பாட்டு வீடியோ ஒன்று என் போனுக்கு வந்தது. "பாட்டு கட்டினவங்களுக்கு ஒரு உரிமை, பாடினவங்களுக்கு ஒண்ணு, படம் புடிச்சவனுக்கு ஒண்ணுக்கா" என்றாள். எனக்கு ஒருமுறை கேட்டால் போதும். அவளுக்கு மூன்று முறை படித்தாலும் நிற்காது. புத்தகமில்லாமல் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். பட்டம் மட்டும் அவளுக்கு.

தேர்வுக்கு முதல் நாள் கறுப்புக் கோட்டு தைத்து வந்தது. தொண்ணூறு வயது மாமியார் அதைத் தடவித் தடவி, "என் மருமவ வக்கீலு" என்றார். அவருக்கு முப்பது வருடம் சோறாக்கிப் போட்ட மூத்த மருமகள் நான் பக்கத்திலேயே நின்றேன்.

மறுநாள் பஸ்ஸிலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, புஸ்தகம் எழுதினவங்க செத்தப்புறம் எத்தினி வருசம் உரிமை நிக்கும்?"

அறுபது என்று எனக்குத் தெரியும். "அம்பது" என்றேன்.

அந்தத் தாளில் ஒரே மார்க்கில் தவறிப்போனாள். முடிவு வந்த அன்று புத்தகத்தைக் கொண்டுவந்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

"வயசாயிட்டுதுடி, மறந்துட்டேன்."

"ஒனக்கா? என் கல்யாணத்துல ஒனக்கு அப்பளம் வெக்கலன்னு இன்னமும் சொல்லிக்கினு கீற!"

சிரித்தாள். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுபடி எழுதப் போன அன்றும் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள். அதே கேள்வி.

"அறுபதுடி."

"தெரியும்க்கா. நீ சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு."

மலரில் போட, கோட்டுப் போட்ட படத்தைத்தான் எடுத்து வைத்திருக்கிறார்கள். பார்த்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்தக் கோட்டு அவள் மகளிடமே இருக்கட்டும். தப்பாகச் சொன்னவளிடமே இரண்டாம் முறையும் கேட்டாளே, பஸ் இரைச்சலுக்கு நடுவில் அந்தக் குரல், அது எனக்கு.