டை கட்டியவர் நல்லவர்

எனக்கு இங்கிலீஷ் எழுத்துகளைக் கோக்கத் தெரியும், படிக்கத் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஓர் அச்சாபீஸில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தேன். ஈய எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கிப் பழகிய கைக்கு எல்லாப் பாஷையும் ஒன்றுதான். இப்பேர்ப்பட்ட மேதையிடம்தான் எங்கள் ஊர் தியேட்டர் மேனேஜர், ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சிக்கு வரும் இங்கிலீஷ் படங்களுக்குத் தமிழில் நோட்டீஸ் எழுதும் பொறுப்பை ஒப்படைத்திருந்தார்.

எழுதும் முறை ரொம்ப எளிது. படச்சுருள் பொட்டி வருவதற்கு நாலு நாள் முன்னால் ஒரு பழுப்புக் கவரில் ஆறு போட்டோ வரும். அதை வரிசையாக மேஜையில் பரப்பி, யார் நல்லவன், யார் கெட்டவன், யார் யாரைக் காதலிக்கிறான் என்று நானே முடிவு செய்வேன். அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் வைப்பேன். முக்கால் கதை சொல்லி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்துவேன். அந்த மீதி எனக்கும் தெரியாது என்பது அச்சாபீஸ் ரகசியம்.

சிரிக்கலாம். ஆனால் அன்றைக்கெல்லாம் நான் கோத்தது பூராவும் அடுத்தவன் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. என் சொந்த வாக்கியம் அச்சில் வந்தது அந்த ரோஸ் நிற நோட்டீஸில் மட்டும்தான். டீக்கடையில் ஒருத்தன் அதை உரக்க வாசிக்க, நாலு பேர் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். நான் ஓரமாக நின்று டீயை ஆற்றுவேன், ஆறிப்போன பிறகும்.

அதற்குத்தான் வேட்டு வைத்தார் மேனேஜர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் தமிழ், ரொம்பக் கோபம் வந்தால் "தேவுடா".

"தேவுடா! போன வாரம் அம்புட்டு சீட்டும் காலி. இந்தப் படத்துக்கும் ஆள் வரலைன்னா இங்கிலீஷ் படத்தையே நிப்பாட்டிருவேன். பொறவு நீ பூப்புனித நீராட்டு விழாவே அடிச்சிட்டுக் கெட."

வந்த படம் லண்டன்காரன் எடுத்தது. குண்டு வைக்கிறவர்களும் வெள்ளைக்காரர்கள், பிடிக்கிறவர்களும் வெள்ளைக்காரர்கள். போட்டோவில் இரண்டு ஆள் பிரதானம். ஒருத்தர் மழமழவென்று சவரம் செய்து, டை கட்டி, கையில் சின்னப் பெட்டியோடு நின்றார். இன்னொருத்தன் நாலு நாள் தாடி, கசங்கிய கோட்டு, தூங்காத கண். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டை கட்டியவரைத் துப்பறியும் அதிகாரி ஆக்கினேன். தாடிக்காரனை வெடிகுண்டுக் கும்பலின் தலைவன் ஆக்கினேன். "லண்டனில் வெடிகுண்டு! நாட்டைக் காக்கத் துடிக்கும் நல்லவர், நரிக்கண் கொண்ட நயவஞ்சகன்!" என்று தலைப்பு. நரிக்கண் என்ற சொல் வந்து விழுந்தபோது எனக்கே மெய் சிலிர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்துவிட்டது. பக்கத்து சீட்டில் என் அக்கா வீட்டுக்காரர். பட்டாளத்தில் குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் பிரிவில் இருந்துவிட்டு அந்த வருஷம்தான் ஊரோடு வந்திருந்தார். படம் ஓடிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, என் காதுப்பக்கம் குனிந்தார்.

"மாப்ளே, அந்த டை கட்டுனவன்தான் குண்டு வைக்கான்."

"இல்ல, அத்தான். அவர் நல்லவரு. நோட்டீஸ்ல போட்டிருக்கு."

"நோட்டீஸ எழுதுனது யாரு?"

"நான்தான்."

"படத்தப் பாத்தியா?"

"போட்டோவப் பாத்தேன்."

அவர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். திரையில் டை கட்டியவர் ரயில் நிலையத்துக்குள் நடந்துபோய், பெட்டியை ஒரு பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, சாவகாசமாக வெளியே வந்தார். பெஞ்சு டிக்கெட்டில் இருந்து விசில் பறந்தது. என் முன்னால் இருந்தவர் பக்கத்து ஆளுக்கு விளக்கினார்: "குண்டக் கண்டுபிடிக்கிற மிஷினு அது. வச்சிட்டுப் போறாரு." அடுத்த நிமிஷம் ரயில் நிலையம் வெடித்தது. அவர் அசரவில்லை. "பாத்தீரா, அந்தத் தாடிப்பய வேற குண்டு வச்சிருந்திருக்கான்."

எங்கள் ஊர்க்காரர்கள் அச்சில் வந்ததை அவ்வளவு லேசில் சந்தேகப்பட மாட்டார்கள். கண்ணைச் சந்தேகப்படுவார்கள்.

தாடிக்காரன் ஒரு சாக்கடை ஓரத்தில் தனியாக உட்கார்ந்து இன்னொரு குண்டைப் பிரித்தான். வயரைத் தொடும்போது கை நடுங்கியது. அரங்கமே "வெடிச்சுச் சாவுலே!" என்று வாழ்த்தியது. அத்தான் மட்டும் சீட்டின் நுனிக்கு வந்திருந்தார். கடைசியில் தாடிக்காரன் டை கட்டியவரைச் சுட்டுக் கொன்றான். யாரோ விசும்பினார்கள்.

வெளியே வந்ததும் நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். அங்கிருந்தபடியே அபிப்பிராயங்களைக் கேட்டேன்.

ராத்திரி ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்த மில்காரர்: "அருமையான படம்ப்பா. பாட்டு கெடையாது, சண்டை கெடையாது. மூணு மாசத்துக்குப் பொறவு இன்னைக்குத்தான் நல்லாத் தூங்குனேன்."

பக்கத்து ஊர் தேவதானத்தில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி: "படம் ஆரம்பிச்சதுலருந்து மழ. எம்புட்டு மழ! அம்புட்டையும் ரோட்டுல விட்டுட்டான். ஒரு கம்மாய் வெட்டிருக்கானா பாத்தியளா?"

ஜவுளிக்கடை பாய்: "அந்தத் தாடி போட்டிருந்த கோட்டு நம்ம கடை வாசல்ல கெடந்தாக்கூட எவனும் தொடமாட்டான். நனைஞ்சதும் எப்படிச் சுருங்குச்சு! இதப் போட்டுக்கிட்டு நாட்டைப் பிடிக்க வந்துட்டான்."

இன்னொருத்தர் கொதித்தார்: "நல்லவன் சாகுறான், கெட்டவன் டீ குடிக்கிறான். இதான் நெசமான உலகம்ங்கான் லண்டன்காரன். தைரியமா எடுத்திருக்கான்யா!"

அதே பொட்டி மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓட வேண்டும். அங்கேயும் இதே நோட்டீஸ்தான் போயிருந்தது. பொட்டி பஸ் கூரையில், நானும் அத்தானும் உள்ளே.

"தப்புன்னு தெரிஞ்சிருச்சுல்ல, சொல்லிருலே," என்றார் அத்தான். "அந்த ஆளு அம்புட்டுப் பாடுபட்டு வயரப் பிரிக்கான். அவனப் போய்ச் சாவுன்னுல்லா சத்தம் போடுதானுவ."

சொன்னால் என் வாக்கியம் பொய் என்று ஆகும். சொல்லாவிட்டால் அத்தான் முகத்தைப் பார்க்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் படம் போடுமுன் மைக்கை வாங்கி, "பெரியோர்களே, நோட்டீஸில் சிறு பிழை. தாடி வைத்தவர்தான் போலீஸ். டை கட்டியவர் குண்டு வைப்பவர்" என்று அறிவித்துவிட்டேன்.

உண்மைக்கு எவ்வளவு வரவேற்பு என்பதை இடைவேளையில் கண்டேன். பாதி அரங்கம் எழுந்து பால்கோவாக் கடைப்பக்கம் போனது, திரும்பவில்லை. "போலீஸ்காரன் போலீஸ் வேல பாக்கான். இதப் பாக்க ஸ்டேஷன் வாசல்ல நின்னாப் போதாதா?" என்றார் ஒருவர். பின்வரிசையில் இருந்தவர் கேட்டது இன்னும் நியாயம்: "எல்லாத்தையும் நீயே சொல்லிட்ட. பொறவு படம் எதுக்குய்யா?"

மறுநாள் மேனேஜர் ஆள் அனுப்பினார். போகும்போதே கல்யாணப் பத்திரிகையின் பிள்ளையார் சுழி கண்ணுக்குள் நின்றது.

"மைக்க எடுத்து உண்மையச் சொல்லச் சொன்னது யாரு?"

"தப்பா எழுதிட்டேன்னு..."

"தேவுடா! நீ அங்க சொன்னது பஸ்ஸேறி இங்க வந்து, ஊரே ரெண்டு பட்டுக் கெடக்கு. டை நல்லவனா கெட்டவனான்னு டீக்கடையில அடிதடி. இன்னொருக்காப் பாக்கணும்ங்கான் அவனவன். பொட்டிய இன்னும் ஒரு வாரம் நிறுத்திட்டேன். அதே நோட்டீஸ அப்படியே அடி. இனிமே ஒரு படத்தையும் முன்னால பாத்துத் தொலச்சிராத, என்ன?"

வேலை தங்கியது. எந்தத் தகுதிக்காகத் தங்கியது என்பதை வீட்டில் சொல்லவில்லை. அத்தானிடம் சொல்லாமல் முடியவில்லை.

அவர் நோட்டீஸை வாங்கி வாசித்தார். நரிக்கண் என்ற சொல்லில் விரலை வைத்தார். "மாத்த வேண்டாம் மாப்ளே. ஒரு வரி மட்டும் சேத்துக்க. அவன் கை நடுங்குச்சு பாரு, அத எழுது. இத்தன படத்துல எவனும் காட்டுனதில்ல. எல்லாப் பயலும் கல்லு மாதிரி நிக்கான். எனக்கு ஒவ்வொரு தடவையும் நடுங்கும்."

"மயிர்க்கூச்செறியும் கை நடுங்கும் காட்சி! கண்டு மகிழுங்கள்!" என்று அடியில் கோத்தேன். மகிழுங்கள் என்பது பழக்கதோஷம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அரங்கம் நிறைந்தது. சாக்கடைக் காட்சி வந்தது. நோட்டீஸில் போட்டிருக்கிறதே என்று அத்தனை பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள். ஒரு சத்தமில்லை. தாடிக்காரன் வயரை நறுக்கினான், குண்டு வெடிக்கவில்லை, எங்கோ யாரோ பெருமூச்சு விட்டார்கள். அத்தான் தன் கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு டை கட்டியவர் திரையில் வந்தார். விசில் காதைப் பிளந்தது.