லொறித் துண்டு

ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் இராக்கம்மாவிடம் வாய் கொடுக்க யாருக்கும் துணிச்சல் வராது. கொழுந்தெடுக்கும் கையின் வேகம் பேச்சிலும் உண்டு. ஆனால் ஏழு வருடமாக ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அவள் வாய் திறக்கவில்லை. அந்த ஆள் தோட்டத்து மனேஜர், றோய் தொரை.

ஏழு வருடத்துக்கு முன் மகள் யசோதினிக்குப் பிள்ளை பிறந்த கையோடு இரத்தம் நிற்காமல் போனது. கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றத் தொரை கையெழுத்துப் போட்ட துண்டு வேண்டும். இராக்கம்மா பங்களா வாசலில் நின்று கும்பிட்டாள். "லொறி கொழுந்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரிய ரோட்டுக்கு வருமுன்னே யசோதினி போய்விட்டாள்.

விதியென்று அதைக்கூட விழுங்கியிருப்பாள். ஆனால் விசாரணையில் தொரை எழுதிக்கொடுத்தார்: "தாய் லொறி கேட்கவேயில்லை." மொனராகலையில் இருக்கும் சம்பந்தி வீட்டார் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு, மகளைச் சாகவிட்டவள் என்று சொல்லிப் பேத்தியைக் கண்ணிலும் காட்டவில்லை. தினமும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் தொரை முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், 'உனக்கும் ஒரு நாள் வரும்டா' என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

வந்தது, ஆகாயத்திலிருந்து.

சுற்றுலாக்காரர்களுக்காக ஐந்தாம் நம்பர் மலையில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு ஓடுபாதை போட்டிருந்தார்கள். அன்று மழை விட்ட நேரம், தொரையை ஏற்றிக்கொண்டு சின்ன விமானம் இறங்கியது. பாதி தூரம் தாண்டித்தான் சில்லு தரையைத் தொட்டது. ஈரப் புல்லில் பிரேக் பிடிக்கவில்லை. பாதை முடிந்த பிறகும் விமானம் நிற்காமல், கம்பி வேலியை அறுத்துக்கொண்டு இராக்கம்மா கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த நிரைக்குப் பத்தடி தள்ளி மூக்கைக் குத்தி நின்றது.

விமானி நெற்றிக் காயத்தோடு சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினார். தொரைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. பெண்கள் அவரைக் கம்பளியில் தூக்கி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே லொறி நின்றது. சாரதி பாறூக் மட்டும் அசையவில்லை.

"துண்டு வேணுமே தொர."

"மடையா, நானே சொல்றேன், எடு!"

"வாய்ச்சொல்லுக்கு ஏத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. போன மாசம் ஒரு கெழவர ஏத்துனதுக்கு என்னய ரெண்டு கெழம நிப்பாட்டுனீங்களே."

இராக்கம்மா லொறியிலிருந்து துண்டுப் புத்தகத்தை எடுத்து வந்து தொரையின் பக்கத்தில் குந்தினாள். ஏழு வருடத்துக்குப் பிறகு அவருக்கு முன்னால் வாய் திறந்தாள்.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. யசோதினிக்கு ஏலாத அன்னைக்கு அவ அம்மா இராக்கம்மா வந்து லொறி கேட்டுச்சு. நான்தான் குடுக்கல்ல."

தொரை புத்தகத்தைத் தள்ளிவிட்டார். "நீயெல்லாம் ஒரு மனுசியா?"

"அன்னைக்கு வாசல்ல நின்னப்ப நானும் ஒங்களப் பத்தி அதத்தாங்க நெனச்சேன். எழுதுங்க, கால் வலிக்கும்."

தொரை பாறூக்கைப் பார்த்தார். பாறூக் டயரைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்குப் பாறூக்கும் போட்டான். இராக்கம்மா ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவிட்டுத் தாளைக் கிழித்து இடுப்பில் செருகினாள்.

"சரி... எடுங்கடா" என்றார் தொரை.

"இது என்னோட துண்டுங்க. லொறிக்கு வேற ஒண்ணு எழுதணும்."

அதையும் எழுதினார். அவரை ஏற்றிய பிறகு அவள் பாறூக்கிடம் சத்தமாகச் சொன்னாள்: "மெதுவாப் போ தம்பி. ரோட்டு சரியில்ல. அன்னைக்குத் தூக்கிட்டு ஓடுனப்பவே எனக்குத் தெரியும்."

மறுநாள் அவள் பெரட்டுக்குப் போகவில்லை. மொனராகலையில் சம்பந்தி வீட்டு முற்றத்தில் நின்று தாளை நீட்டினாள். உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

"மொதல்ல வாசிங்க. எம் பேத்திக்குக் கேக்கிற மாதிரி சத்தமா வாசிங்க."