இறங்காமல் போன தம்பி

வால்தேரோசா என்ற மலையூரில் பார் நடத்தும் ஒப்துலியாவிடம் எதை வேண்டுமானாலும் பேசலாம். அவள் தம்பி ஃபிதென்சியோவைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. சைக்கிள் வீரன் என்று ஸ்பெயினே அவனைக் கொண்டாடுகிறது. அவள் பாரில் அவன் படம் ஒன்றுகூடக் கிடையாது. ஒட்ட வந்த ரசிகனிடம், "ஒட்டிக்கோ. காப்பிக்கு மட்டும் வேற கடையப் பாரு" என்றாள்.

இத்தனைக்கும் அவனை வளர்த்ததே அவள்தான். அம்மா போன பிறகு படிப்பை விட்டு மாடு கறந்தாள், பாத்திரம் தேய்த்தாள். பெண் கேட்டு வந்தவனையும் "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். தம்பியோ பத்து வருஷம் பந்தயங்களில் அணித்தலைவனுக்குத் தண்ணீர் சுமப்பவனாகவே கிடந்தான்.

அதற்கடுத்த வருஷம் ஸ்பெயின் சுற்றுப்பந்தயம் ஊர் வழியாக வந்தது. சைக்கிள்காரர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. சொந்த ஊர்க்காரனை முன்னால் விட்டுவிட்டு மற்றவர்கள் மெதுவாக வருவார்கள். அவன் இறங்கி வீட்டாரை முத்தமிட்டு, திரும்பக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ள வேண்டும்.

ஒப்துலியா முட்டி போட்டுச் சாலையில் சுண்ணாம்பால் அவன் பெயரை எழுதினாள். புற்றுநோயில் எலும்பும் தோலுமாகிவிட்ட அப்பாவோ, "என் பையன் இறங்குவான், என்னத் தூக்கிட்டுப் போ" என்று நச்சரித்தார். கோயிலுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மாட்டி, அவரை நாற்காலியோடு பார் வாசலில் உட்கார வைத்தாள்.

ஃபிதென்சியோ தனியே வந்தான். அப்பா எழுந்தே நின்றுவிட்டார். பாவிப்பயல் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தான், இன்னும் மிதித்தான், நிற்கவே இல்லை. பின்னால் வந்தவர்கள் சுதாரிப்பதற்குள் ஊரைத் தாண்டியுள்ள மேட்டில் ஏறிவிட்டான். அன்றைய வெற்றி அவனுக்கு. கூட ஓட்டியவர்கள் அதன் பிறகு அவன் முகத்திலேயே விழிக்கவில்லை. டீவியில் பார்த்த ஜனங்களுக்கு என்ன தெரியும்? துணிச்சல்காரன் என்று தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

"திரும்பி வருவான் பாரு" என்று அப்பா உட்கார்ந்தே இருந்தார். பந்தயத்தின் கடைசி வண்டியும் போன பிறகுதான் உள்ளே வரச் சம்மதித்தார். அடுத்த மாதம் செத்துப்போனார். ஒப்துலியா சாலையில் எழுதியதைத் தேய்த்துக் கழுவினாள்.

பதினைந்து வருஷம் கழித்து அந்த மேட்டுக்கு அவன் பெயரை வைக்க ஊராட்சி முடிவு செய்தது. நூறு ரசிகர்களோடு அவன் சைக்கிளில் வருவானாம், அக்காவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பார்களாம். ஊராட்சித் தலைவர் மூன்று தடவை வந்து கெஞ்சினார்.

"வாசல்ல நிக்கிறேன். அதுக்கு மேல எதையும் எதிர்பாக்காதீங்க" என்றாள்.

அன்று காலை அதே நாற்காலியை வாசலில் போட்டுப் பக்கத்தில் நின்றாள். ரசிகர்கள் மரியாதைக்குப் பின்தங்க, ஃபிதென்சியோ முன்னால் வந்து இறங்கினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, என்னை மன்னிச்சிரு."

"எதுக்குடா இறங்குன?"

"உன்னப் பாக்கத்தான்."

"என்னை யாருடா பாக்கச் சொன்னா? நாற்காலியப் பாரு. யாராச்சும் உக்காந்திருக்காங்களா?"

அவன் காலி நாற்காலியைப் பார்த்தான். படம் எடுக்க வந்தவன் கேமராவைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஏறு. அன்னிக்குப் போன மாதிரியே போ."

அவன் ஏறினான். மிதியில் காலை மாட்டுவதற்குள் இரண்டு தடவை வழுக்கியது. ஒருவரும் கை தட்டவில்லை. அவன் மேட்டு வளைவில் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, ஒப்துலியா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.