நூற்றிருபதில் நாலு யானை

அன்புச்செல்விக்கு அந்த வேலை கிடைத்ததே அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதால்தான். தரமணியில் செல்போன் விளையாட்டு தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனி, போர் விளையாட்டு எதையும் ஒரு நாளும் ஆடிப் பார்க்காத ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிற பாலு, ஊரூர் குப்பத்துக்காரர், அவள் வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார்.

"இன்னாண்ணா, ஒண்ணும் தெரியாத ஆளுக்கு சம்பளமா?"

"அதாம்மா வேலையே. நீ ஆடணும். எங்க முழிக்கிறியோ அத்த எழுதிக் குடுக்கணும். முழிக்கத் தெரியாதா உனக்கு?"

முழிக்க அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பன்னிரண்டு வருடம் அம்மா செண்பகத்தோடு கரையில் உட்கார்ந்து மீன் விற்றாள். கூவுவதும் பேரம் பேசுவதும் அம்மா. மீனைக் குவியல் குவியலாகக் கூறு வைப்பது அன்பு. நாலு பேர் நின்றால் அவளுக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வருகிறவர் கண் முதலில் எந்த மீனில் விழுகிறது, விரல் எந்தப் பக்கம் நீளுகிறது, எந்த இடத்தில் முகம் சுருங்குகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

கம்பெனியில் மூன்று மாதம் தற்காலிக வேலை. அதற்குள் அவள் கண்டுபிடித்த குறை ஒன்றாவது ஏற்கப்பட்டுத் திருத்தப்பட வேண்டும். ஏற்கப்பட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் திரும்பவும் கரைதான். கரை அவளுக்குக் கேவலம் இல்லை. ஆனால் காலையில் இந்திரா நகரில் ரயிலேறி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தரமணியில் இறங்குகிற அந்த அன்புச்செல்வியை அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது.

மூன்று மாதம் முடிய மூன்று நாள் இருந்தபோது, அவள் எழுதிக் கொடுத்த ஏழு குறைகளும் பட்டியலில் ஒரே மாதிரி மூடிக் கிடந்தன: 'ஆடுபவரின் தவறு'. மூடியது ஜவஹர். கம்ப்யூட்டரில் விளையாட்டை எழுதுகிறவன் அவன்தான்.

அதில் முதலாவது, அவள் சேர்ந்த அன்றே எழுதியது. விளையாட்டில் இரண்டு கடற்கரை ராஜாக்கள் சண்டை போடுகிறார்கள். வரைபடத்தில் ஒவ்வொரு படையும் ஒரே ஒரு படமாக நிற்கும், கீழே ஒரு எண். நாலாவது சண்டையில் அன்புவிடம் ஒரு யானைப் படம் இருந்தது. கீழே 120. நூற்றிருபது யானை கையில் இருக்கும்போது பயம் எதற்கு என்று எதிரிக் கோட்டை மேல் மோதினாள். கண் இமைப்பதற்குள் படை காலி. பிறகு பார்த்தால் யானை நாலு. பாக்கி நூற்றுப் பதினாறும் நேற்று ஈட்டி பிடித்த புது ஆட்கள். படையில் எது பெரியதோ அதன் படம்தான் மேலே வரும் என்பது ஆட்டத்தின் ஏற்பாடு.

மோதுவதற்கு முன்னால் அவள் விரல் தானாகவே யானைப் படத்தின் அடியில் போய்ப் புரட்டிப் பார்த்தது. ஒன்றும் அசையவில்லை. 'கிளறிப் பார்க்க முடியவில்லை' என்று எழுதிக் கொடுத்தாள்.

"கெளர்றதுக்கு இது இன்னா பிரியாணி அண்டாவா?" என்றான் ஜவஹர். "படத்து மேல விரலை ரெண்டு செகண்டு அழுத்திப் புடிச்சா உள்ள இருக்கிற கணக்கு வரும். ஆட்ட விளக்கத்துல மூணாவது பக்கத்துலயே சொல்லிருக்கோமே!"

சொல்லித்தான் இருந்தார்கள், எறும்பு எழுத்தில். அதற்குப் பிறகு அன்பு அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள், நன்றாகவே ஆடவும் கற்றுக்கொண்டாள். ஆனால் மனசு ஆறவில்லை. ஆடிப் பார்க்க அவ்வப்போது புது ஆட்களைக் கூட்டி வருவார்கள். அவர்களின் பின்னால் நின்று பார்த்தாள். பதினொரு பேர். பதினொரு பேரும் அதே யானையை நம்பி அதே கோட்டையில் செத்தார்கள். ஏழு பேர் மோதுவதற்கு முன்னால் படத்தைத் தட்டிப் பார்த்தார்கள். அழுத்திப் பிடித்தவர் ஒருவருமில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தாள். யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் கிச்சா அவளைக் கூப்பிட்டார். ஆட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர்தான். மயிலாப்பூர்க்காரர், அதிர்ந்து பேசாத மனிதர்.

"அன்பு, நீ நன்னா கவனிக்கறே. ஆனா லிஸ்ட்ல ஒண்ணுகூட நிக்கலையே. திங்கக்கிழமை நான் மேல பதில் சொல்லியாகணும்."

அன்புவுக்கு வாய் ஒட்டிக்கொண்டது. நோட்டை நீட்டக்கூடக் கை வரவில்லை. "இருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ போடுகிற அறைக்குப் போனாள். கரையாக இருந்தால் மீனை வைத்துக் காட்டியிருப்பாள். ஏசி அறையில், அதுவும் கிச்சா முன்னால் மீன் ஆகாது. வெள்ளிக்கிழமை மிக்சர் பொட்டலம் இருந்தது. தட்டில் கொட்டி, முந்திரியாகப் பொறுக்கி மேலே வைத்தாள். மொத்தம் ஆறு. கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"சார், இதுல முந்திரி எவ்ளோ இருக்கும்?"

கிச்சா எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு நெறைய போட்டிருக்கானே! எங்காத்துல வாங்கறதுல தேடணும்." ஒரு பிடி அள்ளினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜவஹரும் அள்ளினான். அடுத்த பிடியில் ஓமப்பொடி. அதற்கடுத்ததிலும் ஓமப்பொடி. ஜவஹர் விரலை விட்டுத் துழாவினான்.

"இன்னாண்ணா, பிரியாணி அண்டாவா, கெளர்றீங்க?" என்றாள் அன்பு.

பக்கத்து மேஜையில் இருந்த சகினா சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. அன்புவைப் போலவே ஆடிப் பார்க்கிற வேலை அவளுக்கு. "மச்சி, காலி நீ!" என்றாள் ஜவஹரிடம்.

அந்தச் சிரிப்பில் அன்புவின் வாய் திறந்துகொண்டது.

"சார், கூறு வெக்கறப்போ பெருசு ரெண்ட மேல போட்டு பொடிய அடில தள்ளுவோம். நானே வெச்சிக்கீறேன். வாங்க வர்றவங்களுக்கு அது தெரியும், கெளறிப் பாத்துட்டுதான் வாங்குவாங்க. உங்க யானையும் அந்தக் கூறுதான். ஆனா கெளற வுட மாட்றீங்க." நோட்டைப் பிரித்து வைத்தாள். "பதினோரு பேரு. எல்லாரும் ஒரே எடத்துல."

கிச்சா நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஜவஹர் முந்திரி போன துக்கத்தில், "போன் திரையில எடம் ஏதும்மா?" என்றான்.

"எடம் கீது." அவள் பேனாவை வாங்கி ஒரு தாளில் வரைந்தாள். படத்தின் கீழே ஒரு பட்டை. எந்த வகை எத்தனையோ அவ்வளவு நீளம், ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம். ஈட்டிக்கு நீளமாகப் பழுப்பு, யானைக்குக் கடைசியில் துளியூண்டு சாம்பல். யார் அதிகமோ அவர் படம் மேலே. "தட்டுனா போதும், பரத்தி வெச்ச கூறு மாரி விரியணும். வகை வகையா, பெரிய எழுத்துல நம்பர். பஸ்ஸு புடிக்கப் போறவங்க குனிய மாட்டாங்கண்ணா. நின்ன எடத்துலேர்ந்தே தெரியணும்."

ஜவஹர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒரு நாள் வேலைதான்" என்றான், கொஞ்சம் கோபமாக. அந்தக் கோபம் அவனுக்கு அவன் மேலேயேதான் என்று அன்புவுக்குத் தெரிந்தது.

"திங்கக்கிழமை புதுசா ஆறு பேர் ஆடட்டும். பாத்துடலாம்" என்றார் கிச்சா.

திங்கட்கிழமை பாலு ஆறு பேரை வேனில் கொண்டுவந்து இறக்கினார். கடைசியாக இறங்கியவள் செண்பகம். கரை வியாபாரத்தை முடித்துவிட்டு, புதுப் புடவையில் வந்திருந்தாள். மகளின் வேலை இதில்தான் தொங்குகிறது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

நாலாவது சண்டை வந்தது. செண்பகம் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். ஈட்டிக்காரன் படம், 120, பட்டை. விரலால் ஒரு தட்டு. படை விரிந்தது.

"அடப்பாவி, நாலு யானைய வெச்சிக்கினு மொத்தப் பொடியையும் என் தலையில கட்டப் பாக்குறான்! யாரு வெச்ச கூறு இது?"

அன்பு தரையைப் பார்த்துக்கொண்டாள்.

செண்பகம் மோதவில்லை. பின்வாங்கி, ஆள் சேர்த்து, அரை மணி நேரத்தில் கோட்டையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, இன்னொரு ஆட்டம்?" என்றான் ஜவஹர். "வேலைய கெடுக்காத நைனா, மிச்ச மீனுக்கு ஐஸ் போடணும்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஆறில் ஐந்து பேர் பின்வாங்கினார்கள். சாப்பாடு டெலிவரி செய்கிற அறிவு என்ற பையன் மட்டும் நேராக மோதிச் செத்தான்.

"பட்டையைப் பாக்கலையா?" என்று பதறினான் ஜவஹர்.

"பாத்தேன் பாஸ். நாலு யானைதான்னு தெரியும். யானை மோதறது எப்படி இருக்கும்னு பாக்கணும் போல இருந்துது."

கிச்சா வாய்விட்டுச் சிரித்தார். "தெரிஞ்சுண்டு தோத்தா அது அவர் இஷ்டம். தெரியாம தோத்தாதான் நம்ம தப்பு." சொல்லிக்கொண்டே பட்டியலைத் திறந்து, முதல் வரியில் 'ஆடுபவரின் தவறு' என்பதை அழித்து 'ஏற்கப்பட்டது' என்று அடித்தார். அன்புவின் பக்கம் திரும்பினார். "மேல சொல்லிடறேன். நாளைலேர்ந்து நீ நிரந்தரம்."

அன்பு தலையை ஆட்டினாள். நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

"சார், எட்டாவது ஒண்ணு கீது. பத்து நாள் நடந்து களைச்ச படையும் இன்னிக்குக் கெளம்புன படையும் பாக்க ஒரே மாரி நிக்குது. ஐஸ் மீனும் இன்னிக்குப் புடிச்ச மீனும் ஒண்ணா?"

ஜவஹர் நாற்காலியை அவள் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "கண்ணைப் பாத்தா தெரியுமில்ல?" என்றான்.

"செவுளையும் பாக்கணும்ணா" என்றாள் அன்பு. பேனாவைத் திறந்தாள்.